குறுக்கே வந்த நாய்

நெய்வேலி நகரியத்தில் ஒருத்தர் என்ன வேலை பார்க்கிறார் என்று யாரும் கேட்க மாட்டார்கள். பர்மனென்ட்டா, கான்ட்ராக்டா என்றுதான் கேட்பார்கள். அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் மிச்சத்தை அவர்களே போட்டு நிரப்பிக்கொள்வார்கள். மலர்விழி இங்கே வாழ்க்கைப்பட்டு வந்து இத்தனை வருஷமாகியும் அந்தக் கேள்விக்குச் சொல்ல அவளிடம் பதில் இல்லை. வீட்டிலேயே உட்கார்ந்து சம்பாதிக்கிறவளை எதில் சேர்ப்பது? "கம்ப்யூட்டர்ல ஏதோ பண்ணுது" என்று பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பொன்னம்மாள் ஊருக்கே சொல்லி முடித்துவிட்டாள்.

ஏதோ இல்லை. மலர் கர்னல் எழுதுகிறவள். கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றுக்கும் அடியில் உட்கார்ந்துகொண்டு, யார் எப்போது ஓடணும், யார் எப்போது நிக்கணும் என்று பஞ்சாயத்து பண்ணுகிற நிரலுக்குப் பெயர் கர்னல். காடாம்புலியூரில் முந்திரித் தோப்புக்கு நடுவே பிறந்து, சென்னையில் படித்து, அங்கேயே ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தவள், கல்யாணமானதும் அந்த வேலையையும் மூட்டை கட்டிக்கொண்டு பத்தொன்பதாம் பிளாக்குக்கு வந்துவிட்டாள். புருஷன் சுதாகர் சுரங்கத்தில் பர்மனென்ட், ஷிப்ட் வேலை. நாத்தனார் விஜயலட்சுமி, கட்டியவனோடு ஒத்துவராமல் அண்ணன் வீட்டுக்கே வந்து ஜாக்கெட் தைத்துக்கொண்டிருக்கிறாள். அப்புறம் மகள் இசைப்பிரியா, ரெண்டாம் வகுப்பு. அவ்வளவுதான் வீடு.

விஜி ஒரு நாள் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "அண்ணி, நாள் பூரா தட்டிக்கினே இருக்கீங்களே, அப்பிடி இன்னாதான் எழுதுறீங்க?"

"நீ தச்சிட்டிருக்க. காலிங் பெல் அடிக்குது. என்ன பண்ணுவ?"

"ஊசியக் குத்தி வெச்சிட்டுப் போயி கதவத் தொறப்பேன்."

"எந்தத் தையல்ல விட்டோம்னு நெனப்பு வெச்சிட்டுத்தானே போவ? வந்து அதே தையல்லேர்ந்துதானே தொடருவ? அதுக்குப் பேரு இன்டரப்ட். பெல் அடிச்சா ஓடணும். வாசல்ல நின்னு ஊர்க்கதை பேசாம சட்டுனு திரும்பணும். விட்ட எடத்துல பிடிக்கணும். மெஷினுக்கு அதச் சொல்லித் தர்றதுதான் என் வேலை."

"இதுக்கா இம்மாம் படிப்பு?"

"இன்னொண்ணும் இருக்கு. ஒரே அடுப்பு, நாலு சட்டி. ஒண்ணக் கொஞ்ச நேரம் வெச்சு, அது வெந்து முடியலன்னாலும் எறக்கிட்டு, அடுத்தத ஏத்தணும். அந்தச் சட்டிக்குத்தான் நாங்க த்ரெட்னு பேர் வெச்சிருக்கோம். எறக்கி வெச்சது அதுக்கே தெரியாது. மறுபடி ஏத்தினதும், தான் எப்பவும் அடுப்புலயே இருந்ததா நெனச்சிக்கிட்டு வேகும்."

"பாவம் சட்டி" என்றாள் விஜி. சொல்லிவிட்டு மெஷினை ஓட்டப் போய்விட்டாள்.

இப்படிச் சிரித்துப் பேசிய நாட்கள் குறைவு. நாத்தனாருக்கும் அண்ணிக்கும் கொஞ்ச நாளாகவே ஆகாது. பேசிக்கொண்டிருக்கும்போதே அண்ணி மூஞ்சியைக் கல்லாக்கிக்கொண்டு எங்கேயோ பார்க்கிறாள், சம்பாதிக்கிற திமிர் என்பது விஜியின் குறை. நான் அப்படிச் செய்யவே இல்லை, இவள்தான் வேண்டுமென்றே வம்புக்கு வருகிறாள் என்பது மலரின் குறை. நடுவில் மாட்டிக்கொண்ட சுதாகர், ஷிப்ட் இருக்கிறது என்று நழுவிவிடுவான். ஷிப்ட் இல்லாத நாளிலும் இருக்கிறது என்பான், அது வேறு.

அதற்கும் மேலே, வீடே சரியில்லை என்று மலருக்குத் தோன்ற ஆரம்பித்திருந்தது. படித்தவள்தான், பேய் பிசாசை நம்புகிறவள் இல்லைதான். ஆனால் பால் அடுப்பில் இப்போதுதான் முணுமுணுத்துக்கொண்டிருக்கும், கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பாள், பார்த்தால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருக்கும். குழாயடியில் பாதி நிறைந்த குடம் ஒரே நொடியில் தளும்பி நிற்கும். டிவி சீரியலில் அழுதுகொண்டிருந்தவள் அடுத்த கணம் வேறு புடவையில் சிரித்துக்கொண்டிருப்பாள். யாரோ கத்திரியை எடுத்து அவளுடைய நாளில் அங்கங்கே துண்டு துண்டாக வெட்டிக்கொண்டு போவது மாதிரி இருந்தது. பட்டப்பகலில், எல்லா ஜன்னலும் திறந்திருக்க, அவள் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள்.

போதாததற்கு அந்தக் கன்றல்கள். குளிக்கும்போதுதான் பார்த்தாள். இடது இடுப்பில், விரல் நுனி அகலத்துக்கு, நீலம் பாரித்து. ஒன்று ஆறி மஞ்சளாகும்போது பக்கத்தில் இன்னொன்று. எங்கேயும் இடித்துக்கொண்ட நினைவு இல்லை. வாய் தவறிப் பொன்னம்மாளிடம் சொல்லித் தொலைத்தாள்.

"காட்டேரி வாய் வெச்ச தடம்டி அது" என்றாள் பொன்னம்மாள், கொஞ்சமும் யோசிக்காமல். "உங்களுக்கு முன்ன அந்தக் குவார்ட்டர்ஸ்ல இருந்தாளே, அவளும் இப்பிடித்தான் நின்ன எடத்துல நின்னு போவா. சின்ன வயசுலயே போய்ச் சேந்துட்டா. கொழந்தைய மட்டும் தனியா வுடாதே, சொல்லிட்டேன்."

அன்றைக்கு மலர் சிரித்துவிட்டுத்தான் வந்தாள். மறுநாள் விஜி நிலைவாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டியபோது வேண்டாமென்று சொல்லவில்லை. தனக்கு என்ன ஆனாலும் ஆகட்டும். இந்த வீட்டில் இருப்பது எதுவானாலும் அது இசையைத் தொடக்கூடாது. அது ஒன்றுதான் அவள் வேண்டுதல்.

இசை ஏற்கெனவே ஒரு தடவை அடிபட்டவள். போன வருஷம் ஸ்கூட்டரில் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது, ரவுண்டானா தாண்டி டீக்கடைப் பக்கம், ஒரு செவலை நாய் குறுக்கே பாய்ந்தது. மலர் பிரேக் பிடித்தாள், வண்டி சரிந்தது, பிள்ளைக்கு முழங்கையில் எலும்பு முறிந்தது. அந்த நாயை மலர் மறக்கவில்லை. ஒரு காது கிழிந்து தொங்கும், கண்ணில் பீளை. டீக்கடை மருதாசலம் பொறை போட்டு வளர்த்த நாய் அது. சுதாகர் போய் ஒரு ஆட்டம் ஆடி, நாயைச் சாக்கில் கட்டி, காடாம்புலியூருக்கும் அந்தப் பக்கம் எங்கேயோ கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான். மருதாசலம் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார். அதற்கப்புறம் மலர் வண்டியில் போனால் அவர் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

பிள்ளைக்கு அந்தப் பயம் போகவில்லை. அன்றிலிருந்து வண்டியில் ஏறினால் அம்மாவின் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, வழி நெடுக "அம்மா?" என்பாள். "ம்" என்றால் கொஞ்ச தூரம் சும்மா வருவாள். மறுபடி "அம்மா?" ஒரு விஷயமும் இருக்காது. "என்னடி, சொல்லித் தொலை" என்று மலர் எத்தனையோ முறை எரிந்து விழுந்திருக்கிறாள். பிள்ளை கேட்டால்தானே.

இந்த நிலைமையில்தான் கம்பெனியிலிருந்து புது வேலை வந்தது. ராத்திரி பகலாக லாரி ஓட்டுகிறவர்கள் கண்ணயர்ந்துவிடாமல் இருக்க ஒரு பெட்டி. ஓட்டுநருக்கு முன்னால் அவ்வப்போது ஒரு சிவப்பு விளக்கு எரியும். பார்த்ததும் பட்டனை அமுக்க வேண்டும். அமுக்காவிட்டால் பஸ்ஸர் கத்தும். அதற்கும் அசையாவிட்டால் இன்ஜின் தானாக அடங்கிவிடும். உள்ளே ஓடுகிற கர்னல் மலருடையது. பெட்டியைக் கூடத்து மேசையில் வைத்து, இன்ஜினுக்குப் பதிலாக ஒரு டேபிள் ஃபேனைக் கட்டி, தானே ஓட்டுநராக உட்கார்ந்து பட்டனை அமுக்கிச் சோதித்துக்கொண்டிருந்தாள்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருக்கும். விளக்கு, பட்டன், விளக்கு, பட்டன். திடீரென்று விளக்கு எரியாமலேயே பஸ்ஸர் அலறும். பதறிப்போய்ப் பார்த்தால் விளக்கும் எரிந்துகொண்டிருக்கும், ஃபேனும் நின்றுபோயிருக்கும். நடுவில் ஒரு படியே காணோம்.

"ஜெயப்பிரகாஷ், விளக்கு ஏத்துற த்ரெட்டை யாரோ எறக்கி விட்டுடறாங்க. பஸ்ஸர் த்ரெட் அதை முந்திக்கிட்டு ஓடுது" என்று கம்பெனிக்குப் போன் போட்டாள்.

கூட வேலை பார்க்கிற ஜெயப்பிரகாஷ் நிதானமான ஆள். "இங்க ஒரு மெஷினையே பட்டன் அமுக்கவிட்டுப் பாத்தோங்க மேடம். ஒரு விளக்கைக்கூட அது தவறவிடல. உங்க வீட்லதான் ஏதோ இருக்கு."

வீட்டில்தான் ஏதோ இருக்கிறது. அவன் சாதாரணமாகச் சொன்னான். மலர் போனை வைத்துவிட்டு நிலைவாசல் எலுமிச்சம்பழத்தைப் பார்த்தாள்.

அப்புறம் அவள் அந்தக் கர்னலைப் போட்டுக் குடைந்த குடைச்சல் கொஞ்சநஞ்சமில்லை. கர்னல் சில வேளை காதைப் பொத்திக்கொள்ளும். முக்கியமான கணக்கை எழுதும்போது யாரும் குறுக்கிடக் கூடாதென்று இன்டரப்ட்டை மூடி வைக்கும். அந்த நேரத்தில் ஒரு மணி அடித்தால் அது தொலைந்து போகாது, வாசலில் காத்திருந்து, காது திறந்ததும் உள்ளே வரும். தாமதமாக வரலாம், வராமல் போகாது. அதனால் விளக்கு எங்கே போனது என்பதற்குக் கணக்கு உதைத்தது. விளக்கு ஏற்றும் த்ரெட்டுக்கு எல்லாரையும்விட உயர்ந்த முன்னுரிமை கொடுத்துப் பார்த்தாள். விளக்கை மாற்றினாள், வயரை மாற்றினாள், போர்டையே மாற்றினாள். கரண்ட்டை விட்டு பேட்டரியில் ஓட்டினாள். என்ன செய்தும் அது வந்துகொண்டுதான் இருந்தது. கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்வாள், விளக்கு எரியவே இல்லை என்று.

அன்றைக்குக் காலையில் இசையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்ததும், கடைசியில் விஜியிடமே போய் நின்றாள். தான் திரையைப் பார்க்க வேண்டும், பட்டனை யாராவது அமுக்க வேண்டும்.

"நானா? எதுனா ஆயிட்டா எம்மேல பழி போடுவீங்க" என்றாள் விஜி. ஆனாலும் ஜாக்கெட்டையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கொக்கி கட்டிக்கொண்டே, பொன்னம்மாளின் மருமகளைப் பற்றிக் குறை பேசிக்கொண்டே, கண் ஓரத்தில் சிவப்பு தெரிந்ததும் முழங்கையால் பட்டனை அமுக்கினாள். காலை முழுக்க அமுக்கினாள். பஸ்ஸர் ஒரு தடவைகூடக் கத்தவில்லை. ஃபேன் நிற்கவே இல்லை.

"நல்லாத்தானே கீது உங்க பொட்டி? இந்தாங்க, இப்ப நீங்க அமுக்குங்க, நான் பாக்குறேன்."

இடம் மாறி உட்கார்ந்தார்கள். விளக்கு எரிந்தது, மலர் அமுக்கினாள். மறுபடி எரிந்தது, அமுக்கினாள். எதிரே விஜி தலையைக் குனிந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். விஜி அவள் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். பஸ்ஸர் அலறியது, ஃபேன் நின்றிருந்தது, ஜாக்கெட் தரையில் கிடந்தது.

"பாத்தியா? விளக்கே எரியல! பாத்தியா இல்லையா?" என்றாள் மலர்.

விஜியின் முகம் வெளிறிப் போயிருந்தது. "எரிஞ்சிது அண்ணி. நீங்க அதப் பாத்துக்கினுதான் இருந்தீங்க. கண்ணு தொறந்துகினு இருந்துது. அண்ணி அண்ணின்னு கத்துறேன், நீங்க இல்ல."

"எங்க இல்ல?"

"உள்ள இல்ல." விஜி அப்படியே அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "எங்கூடப் பேசும்போது செய்வீங்களே, அந்தக் கல்லு மூஞ்சி, அதேதான். நான் திமிருன்னு நெனச்சிக்கினு இருந்தேன். ஐயோ, இம்மாம் நாளா உங்களத் திட்டிக்கினு இருந்தேனே."

மலர் கணக்குப் போட்டுப் பார்த்தாள். மெஷின் அமுக்கியபோது தவறவில்லை. விஜி அமுக்கியபோது தவறவில்லை. போர்டை மாற்றியும் வயரை மாற்றியும் போகாத கோளாறு, ஆளை மாற்றியதும் போய்விட்டது. இத்தனை நாளாக எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தவள் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கவில்லை. அடுப்பிலிருந்து யாரோ இறக்கி வைத்து, மறுபடி ஏற்றியிருக்கிறார்கள். பாலும் குடமும் சீரியலும் அவள் இல்லாத நேரத்தில் அதது பாட்டுக்கு நடந்திருக்கின்றன. சட்டிக்குத்தான் தெரியவில்லை.

"எங்க கிளாஸ்ல ஒருத்திக்கு இருந்துது அண்ணி" என்று விஜி மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள். "இதுவும் வலிப்புல ஒரு வகையாம். கை கால் இழுக்காதாம். மாத்திரை சாப்ட்டு சாப்ட்டு அவளுக்கு நல்லாயிடுச்சி. நாளைக்கே புதுச்சேரிக்குப் போயி பெரிய டாக்டரப் பாப்போம். அண்ணங்கிட்ட நான் சொல்றேன்."

அதெல்லாம் மலரின் காதில் சரியாக விழவில்லை. சுவரில் ஆணியில் தொங்கிய ஸ்கூட்டர் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில்கூட அந்த வண்டியில்தான், அந்தப் பிள்ளையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே போயிருக்கிறாள். நேற்றும் போனாள், முந்தாநாளும் போனாள். எழுந்து போய்ச் சாவியை எடுத்து விஜியின் கையில் வைத்து மூடினாள். "நான் கேட்டாலும் குடுக்காத" என்றாள்.

சாயங்காலம் இசையைக் கூட்டிவர நடந்தே போனாள். விஜியும் வருகிறேன் என்றாள். நீ வீட்டில் இரு, நடக்கத்தானே போகிறேன் என்று மலர் தடுத்துவிட்டாள். மகளிடம் தனியாகக் கேட்க ஒன்று இருந்தது.

பள்ளிக்கூடத்து வாசலில் இசை வண்டியைத் தேடினாள். இல்லை என்றதும் அந்தப் பிள்ளையின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதைப் பார்க்கவே மலருக்கு என்னவோ போல் இருந்தது. இரண்டு பேரும் மரநிழலோடு நடந்தார்கள். ரவுண்டானாப் பக்கம் வந்ததும் மலர் கேட்டாள்.

"இசை, அன்னிக்கு நாய் எந்தப் பக்கத்துலேர்ந்துடா வந்துச்சு?"

"எந்த நாய்?"

"நாம விழுந்தோமே, அன்னிக்கு. குறுக்க வந்துச்சே."

இசை தரையைப் பார்த்தாள். "அது குறுக்க வரலம்மா. நீ வளைவுல திரும்பவே இல்ல. நேராப் போயிட்டே இருந்த. நான் அம்மா அம்மான்னு கத்தினேன். கல்லுல மோதி விழுந்துட்டோம். அப்புறம்தான் நாய் ஓடியாந்துச்சு. நான் அழுதேனா, என் மூஞ்சிய நக்கிட்டே இருந்துச்சு."

"ஏன்டா சொல்லல?"

"நீதான் எல்லார்கிட்டயும் நாய்னு சொன்ன. அதான் நானும் நாய்னு சொல்லிட்டேன்."

கிழிந்த காதும் பீளைக் கண்ணும் மலருக்கு இவ்வளவு தெளிவாக நினைவிருந்ததற்குக் காரணம் அதுதான். விழித்துக்கொண்டதும் அவள் முதலில் பார்த்தது அந்த முகம். காணாமல் போன துண்டில் அதை எடுத்து ஒட்டிவிட்டாள். டீக்கடையில் மருதாசலம் வழக்கம்போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவரிடம் போய் நாலு வார்த்தை சொல்ல வேண்டும், கையைப் பிடித்தாவது மன்னிப்புக் கேட்க வேண்டும். இன்றைக்கு முடியாது. கால் அந்தப் பக்கம் போகவில்லை.

"அம்மா?" என்றாள் இசை.

"ம்."

கொஞ்ச தூரம் நடந்தார்கள். "அம்மா?"

"ம்" என்று சொல்லிவிட்டு மலர் நின்றாள். விளக்கு, பட்டன். விளக்கு, பட்டன். பெட்டி வேலை போன மாதம்தான் அவளுக்கு வந்தது. இந்தக் குழந்தை போன வருஷத்திலிருந்து செய்துகொண்டிருக்கிறது.

"வண்டில ஏன்டா கூப்பிட்டுட்டே வருவ?"

"நீ இருக்கியான்னு பாக்க."

"நான் ம் சொல்லலன்னா?"

இசை சொல்லத் தயங்கினாள். அடி விழுமோ என்று யோசிப்பது தெரிந்தது. "கிள்ளுவேன். இங்க." அம்மாவின் இடது இடுப்பைத் தொட்டுக் காட்டினாள். "பலமா கிள்ளுவேன். அப்ப வந்துடுவ."

காட்டேரி வாய் வைத்த தடம். குளிக்கும்போது எண்ணிப் பயந்த அத்தனை நீலமும், அந்தக் குட்டி விரல்கள் அவளை இழுத்துக்கொண்டு வந்த இடங்கள். ஒவ்வொன்றும் ஒரு லாரிக்கோ ஒரு வளைவுக்கோ முன்னால். மலர் ரோட்டோரத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து மகளைக் கட்டிக்கொண்டாள். போகிறவர் வருகிறவர் பார்த்தால் பார்க்கட்டும் என்று அழுதாள். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

இனிமேல் இந்தப் பிள்ளை இந்த வேலையைச் செய்யக் கூடாது. ஏழு வயதில் அம்மாவுக்குக் காவல் இருந்தது போதும். அத்தை இருக்கிறாள், அப்பா இருக்கிறார், டாக்டர் இருக்கிறார், இனி பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அதைப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிட வேண்டும். முன்னால் கொஞ்ச தூரத்தில் பொன்னம்மாள் வீட்டு முருங்கை மரம் தெரிந்தது. மலர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள்.

"இசை, இங்க பாரு. இனிமே நீ என்னைக் கூப்பிட்டுட்டே இருக்க வேணாம். அம்மாவ நீ ஒண்ணும்"

இடுப்பில் சுருக்கென்று வலித்தது. முருங்கை மரம் முதுகுக்குப் பின்னால் போயிருந்தது. இசை இரண்டு விரலையும் எடுக்காமல், அண்ணாந்து, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ம்" என்றாள் மலர்.